நகரசபையில் அவருக்காகப் பேசியது

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு விதி உண்டு. பேசுபவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்லவேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று தள்ளி நிற்க முடியாது. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கனடாவில், ஸ்காபரோவில் வைத்தியர்களிடமும் வழக்கறிஞர்களிடமும் தமிழ்ச் சனத்துக்காகப் பல வருடமாக இப்படித்தான் 'நான்' சொல்லி வருகிறேன். ஊராரின் முழங்கால் வலி, விவாகரத்து எல்லாம் என் வாயால் போயிருக்கின்றன. எனக்கு அது தொழில், அவ்வளவுதான்.

எங்கள் மாடியில், லிஃப்டுக்குப் பக்கத்து வீட்டில், ஒரு முஸ்லிம் பெண் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டில் அங்கிருந்த முஸ்லிம்களை ஆயுதம் தாங்கிய எங்கள் தமிழ் இயக்கம் வெளியேற்றியபோது, சிறுமியாக, உடுத்த உடுப்போடு போனவர். அதைப் பற்றி அவர் என்னோடு கதைத்ததில்லை. நானும் கேட்டதில்லை, இதைக் கதைக்காமல் இருப்பதில் எங்கள் சனம் வலு கெட்டிக்காரர். போன வருடம் அவருடைய மகளின் முக்காட்டைப் பஸ்ஸில் ஒருவன் பிடித்து இழுத்தான். பஸ் நிறையச் சனம், ஒருவரும் எழும்பவில்லை. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு பஸ் ஏறவில்லை. கல்லூரியையும் விட்டுவிட்டாள்.

பக்கத்துச் சமூக நிலையத்தில் அரபு, முஸ்லிம் குடும்பங்களுக்கென்று வெறுப்புக்கு எதிரான பயிற்சிப் பட்டறை ஒன்று நடந்தது. இப்படி ஏதும் நடந்தால் யாரிடம் முறையிடுவது, பக்கத்தில் நிற்பவர் என்ன செய்யலாம், பயத்தை எப்படி வெளியே சொல்வது என்று பழக்கினார்கள். அங்கே போய்த்தான் பிள்ளை மெல்ல மெல்ல வாய் திறந்தாள். பட்டறைக்குக் கொடுக்கும் காசை நகரசபை நிறுத்தப்போகிறது என்ற கதை வந்ததும், நகரசபைக் குழுவின் முன்னால் தானே பேசுவதாகப் பெயர் கொடுத்தாள். "ஐ ஆம் ரெடி, அன்ரி" என்று என்னிடம் சொன்னாள். அவள் முகத்தில் வெளிச்சத்தைக் கண்டு கனகாலம்.

எங்கள் பக்கத்தில் வானொலியிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே விவாதம், வரிக்காசை ஏன் அவர்களுக்குக் கொடுக்கவேண்டும் என்று. பொங்கல் விழாவுக்கு நகரசபை மண்டபம் தரும்போது மட்டும் ஒருவருக்கும் வரிக்காசு ஞாபகம் வருவதில்லை. எதிர்த்துப் பேசப் பெயர் கொடுத்தவர்களில் முதியோர் சங்கத்து அண்ணையும் ஒருவர். கெட்ட மனிதர் இல்லை. செத்தவீடென்றால் முதல் ஆளாய் நிற்பவர். அவருக்கு மொழிபெயர்க்க என்னை அழைத்தார்கள். என்ன பேசப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே கேட்டேன். "வரிக்காசைப் பற்றித்தான் பிள்ளை" என்றார். அதுதானே என்று நானும் போனேன்.

வரிக்காசு இரண்டு வசனத்தோடு முடிந்துவிட்டது.

"நாங்கள் வரேக்க வெள்ளையள் எங்களைப் 'பாக்கி' எண்டு, பாக்கிஸ்தான்காரர் எண்டு, கேவலமாக் கூப்பிட்டாங்கள். எங்களுக்கு ஆர் வகுப்பு எடுத்தது? தலையைக் குனிஞ்சு வேலையைச் செய்தம், வீடு வாங்கினம். உவையள் மட்டும் என்ன பெரிய ஆக்களோ? அந்தத் துணியைக் கழட்டி வைச்சிட்டு வெளியில வந்தால் ஒருத்தனும் இழுக்கமாட்டான். உதுக்கு என்ர காசு தரேலாது."

எதிரே மூன்றாம் வரிசையில் தாயும் மகளும் இருந்தார்கள். மழுப்பிச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மழுப்பினால் அவர் நாகரிகமான மனிதராகிவிடுவார். வெறுப்பை வெறுப்பாகவே கேட்கட்டும் என்று, விதிப்படி, திருத்தமான ஆங்கிலத்தில் சொன்னேன். நாங்கள் தலையைக் குனிந்து வேலை செய்தோம். அந்தத் துணியைக் கழற்றினால் ஒருவனும் இழுக்கமாட்டான். என் காசைத் தரமாட்டேன். சொல்லி முடிக்கும்வரை கண்ணைக் குறிப்பிலிருந்து எடுக்கவில்லை. குழுவினர் நன்றாகவே கேட்டார்கள். மனம் திறந்து பேசியதற்கு நன்றி என்று ஒரு உறுப்பினர் சொன்னார்.

அடுத்து அந்தப் பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் நிமிர்ந்து பார்த்தபோது தாய்க்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாய் இருந்தது. இன்னொரு தரம் கூப்பிட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார்கள். பட்டறைக்குப் போய்ப் பயன்பெற்ற ஒருவரும் நேரில் வந்து சொல்லவில்லை, ஆகவே இன்னும் ஆராயவேண்டும் என்று கடைசியில் காசை ஒத்திவைத்தார்கள். ஒத்திவைத்த காசு திரும்பி வந்ததை நான் கண்டதில்லை. பட்டறையும் நின்றுபோனது.

வெளியே வந்ததும் அண்ணை என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான் சொன்னதைவிட நீ சொன்னது வடிவாய் இருந்தது பிள்ளை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூலிக்கு மாரடிக்கிறவளுக்குச் சொந்தமாய் ஒரு வாய் எதற்கு என்று சப்வே ரயிலுக்கு நடந்தேன்.

அந்தக் கிழமை லிஃப்டில் தாயைக் கண்டேன். பிள்ளை இப்போது அறையை விட்டே வருவதில்லை என்றார். அண்ணையின் மேல் இருந்த ஆத்திரத்தில் நான் முந்திக்கொண்டேன்.

"அந்த மனிசன் கதைச்ச கதைக்கு ஆர்தான் இருப்பினம்? கேட்டிட்டுத்தானே பிள்ளை எழும்பிப் போனவள்."

அவர் கோபப்படவில்லை. கதவுக்கு மேலே மாறுகிற மாடி இலக்கங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இல்லை அக்கா. அவர் கதைச்ச தமிழ் அவளுக்குப் பெரிசா விளங்கேல்லை. அன்ரி வந்திருக்கிறா எண்டு சிரிச்சுக்கொண்டுதான் இருந்தவள். நீங்கள் கதைக்கேக்கதான் எழும்பினவள்."