இரண்டு நெல்லும் ஒரே சாக்கில்

செய்த தப்பைப் பிள்ளை தானாக வந்து சொல்ல வேண்டுமென்றால் அம்மா என்ன செய்ய வேண்டும்? என் மகளுக்கு எட்டு வயது முடியப்போகிறது; இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. யோசிக்க உட்காரும்போதெல்லாம், மொட்டை மாடி வெயிலில் அவித்த நெல் காய்கிற அந்தப் புழுங்கல் வாடைதான் மூக்கில் வந்து நிற்கிறது.

குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் நான்காம் வகுப்பு முடித்த கோடை லீவில், தெருப் பிள்ளைகள் எல்லாரும் மாமா வீடு, சித்தி வீடு என்று பஸ் ஏறிவிட்டார்கள். அம்மா கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார்; கல்யாண மாதங்களில் அவருக்கு விடுமுறையே கிடையாது. அப்பாவும் வயல், டிராக்டர் என்று வெளியிலேயே இருப்பார். அதனால் வீட்டுச் சாவியைச் சிவப்புக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் மாட்டிவிட்டு, "எம் பொண்ணு ரொம்பப் பொறுப்பு, எல்லாம் பாத்துக்குவா" என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்தேன், மாட்டுக்குக் கழுநீர் காட்டினேன், யாரும் வராத வாசலை இரண்டு முறை பெருக்கினேன்.

பேச்சுக்கு இருந்த ஒரே ஆள் பக்கத்து வீட்டு சரோஜா அத்தை. உறவில்லை, பழக்கத்தில் அத்தை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு "கழுதை" ஆடக் கூப்பிடுவார். கடைசிவரை கையில் சீட்டு வைத்திருப்பவர்தான் கழுதை. "என்னடி, மூணு நாளா நீயேதான் கழுதை. நாளைக்கு வரும்போது வாலையும் கொண்டாந்துடு" என்பார். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துத்தான் மீதிப் பகலைத் தள்ளிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

அந்த வருடம் குறுவைக்கு விதைநெல்லை அப்பா அத்தையிடம்தான் வாங்கியிருந்தார். மாடியில் ஒரு பக்கம் அந்த விதைநெல், மறுபக்கம் எங்கள் சாப்பாட்டுக்கு அவித்த நெல், இரண்டையும் காயப்போட்டுவிட்டு, "ரெண்டும் சேந்துடாமப் பாத்துக்க. மழை வந்தா மொதல்ல விதைய அள்ளு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவித்த நெல் முளைக்காது என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைகளுக்கும் தெரியும்.

மூன்று மணிக்கு வானம் கறுத்தது. விதைநெல்லைக் கூடை கூடையாக அள்ளிச் சாக்கில் கொட்டி, மாடிப்படி அறைக்குள் இழுத்துவிட்டு வந்து அவித்த நெல்லை அள்ளினேன். அதற்கான சாக்கு நிரம்பிவிட்டது. இன்னும் நாலைந்து கூடை கிடந்தது. தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. விதைச் சாக்கில் பாதி இடம் காலியாக இருந்தது. அதிலே கொட்டினேன். அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எப்படிப் பிரிப்பது என்று நினைக்கவில்லை.

நனைந்துகொண்டே ஓடிவந்த அப்பா மாடியைப் பார்த்துவிட்டு, "ஒரு மணிகூட நனையலையே" என்று என் தலையில் கை வைத்தார். அத்தை சுவர் ஓரமாக எட்டிப்பார்த்து, "கழுதைக்கு இவ்வளவு சாமர்த்தியமா" என்று சிரித்தார். அம்மா அன்று கடையிலிருந்து எனக்கு ஊதா ரிப்பன் வாங்கி வந்தார். ரிப்பன் கட்டிய தலையோடு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் அப்பா கோணி ஊசியால் சாக்கின் வாயைத் தைத்துவிட்டார்.

ஜூன் மாதம் விதையை ஊறவைத்து, வைக்கோல் போட்டு மூடி, பிரித்துப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்கு முளைக்கவில்லை. அப்பா ஒரு கை அள்ளிக்கொண்டு அத்தை வீட்டு வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"என்னக்கா, பழைய நெல்லையும் கலந்து குடுத்துட்டீங்களே."

"நானும் இதைத்தான் வெதச்சிருக்கேன் தம்பி. எங்க நாத்தங்கால வந்து பாருங்க."

"நல்லதா எடுத்து உங்களுக்கு வச்சிருப்பீங்க."

முளைக்காத நெல் ஒன்றை நகத்தால் உரித்திருந்தால் அப்பாவுக்கு விளங்கியிருக்கும்; பச்சரிசி சுண்ணாம்பு போல வெள்ளையாக இருக்கும், அவித்தது கண்ணாடி போல லேசாக ஊடுருவித் தெரியும். உரித்துப் பார்த்துவிடுவாரோ என்று பயந்துகொண்டும், பார்த்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டும் கழுத்துச் சாவியைக் கடித்தபடி நின்றேன். அவர் கோபத்தில் பார்க்கவில்லை. அத்தை என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பிறகு யாரும் என்னைக் கழுதை என்று கூப்பிடவில்லை. லீவில் மீதி இருந்த நாட்களில் நான் மிகவும் பொறுப்பாக இருந்தேன்.

இப்போது தஞ்சாவூரில் இரண்டு அறை வாடகை வீடு. கணவர் ஓசூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். நான் ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அலுவலக போனில் பேசிக்கொண்டிருக்க, மகள் ஹாலில் தனியாக இருக்கிறாள். லீவு வீணாகாமல் இருக்கட்டும் என்று ஒரு அட்டை எழுதி ஒட்டினேன்: தட்டு கழுவுவது, மாடியில் மல்லிச்செடிக்குத் தண்ணீர், துணி மடிப்பது. செய்தால் ஒரு நட்சத்திர ஸ்டிக்கரை அவளே ஒட்டிக்கொள்ளலாம். உறவினர்கள் போனில் கேட்டால், "ரொம்பப் பொறுப்பு" என்று சொல்கிறேன். சொன்ன பிறகு, இதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றுகிறது.

போன செவ்வாய்க்கிழமை மாடிக் குழாய் திறந்தே கிடந்து தொட்டி காலியாகிவிட்டது. "பத்மாக்காதான் மூடாமப் போயிட்டாங்க" என்றாள். மாடிக் குழாயடியில் பாத்திரம் தேய்க்க வரும் பத்மாவுக்கு உடனே போன் செய்து, பார்த்து மூடக் கூடாதா என்று கேட்டுவிட்டேன். "மூடிட்டுத்தாங்க வந்தேன்" என்றார். பிறகு, "சரிங்க, இனிமே பாத்துக்கறேன்" என்றார். மாலையில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் மகளின் நனைந்த கவுன் சுருட்டிக் கிடந்தது. அட்டையில் அன்றைக்கும் நட்சத்திரம் இருந்தது. கவுனைக் காயப்போட்டேன். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. பத்மாவிடமும் எதுவும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் வீட்டு மாடியில் இப்போது யாரும் நெல் காயப்போடுவதில்லை. நிலம் குத்தகையில் இருக்கிறது, அரிசி கடையிலிருந்து பையில் வருகிறது. அத்தை மகனோடு பூதலூருக்குப் போய் வருடங்கள் ஆகின்றன. விதை என்று பேச்சு வந்தால் அப்பா இன்றைக்கும் அத்தையைத்தான் குறை சொல்கிறார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு பூதலூருக்கு ரயிலேறலாமா என்று யோசிக்கிறேன். அத்தையிடம் நான் சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்டால் அவளுக்கும் வாய் திறக்குமா, அல்லது அம்மாவே இத்தனை வருடம் மறைத்திருக்கிறாளே என்றுதான் எடுத்துக்கொள்வாளா? முதலில் அவளை உட்காரவைத்துக் கேட்டுவிடுவதுதான் சரியா? பிள்ளை வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லுங்கள். இன்று காலையும் பத்மா போகும்போது என்னைக் கூப்பிட்டு, மாடிக் குழாயை இரண்டு முறை திருகிக் காட்டிவிட்டுத்தான் போனார். மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.