மஹிமாவின் மூக்கில் விழுந்த சிவப்பு

மகேஸ்வரன் பேசும் வங்காள மொழியைக் கேட்டால், அவர் குடியிருக்கும் பெஹாலாவின் மீன்காரரே கொஞ்சம் கூச்சப்படுவார், அவ்வளவு சுத்தம். அந்த மொழியை வைத்துக்கொண்டு அவர் இதுவரை ஒரு வங்காளக் கல்யாணத்துக்கும் போனதில்லை. அழைப்பு வராமல் இல்லை. வரும், சந்தோஷம் என்பார், அன்றைக்குப் பார்த்து வேலை வந்துவிடும். வேலை வராத நாளில் ஜுரம் வரும்.

துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்த அப்பா ஓய்வுபெற்று, அம்மாவோடு கோவில்பட்டிக்குக் கிளம்பும்போது, "நீ எப்போடா வர்றே?" என்று கேட்டார். "கையில இருக்கிற வேலை முடியட்டும்ப்பா" என்றார் மகேஸ்வரன். அப்பா, அம்மா இருவரும் காலமாகிவிட்டார்கள். வேலை முடியவில்லை.

வேலை இதுதான்: இணையக் கடைகளுக்காகப் பொருள்களின் படங்களைத் துடைத்துக் கொடுப்பது. குக்கர், செருப்பு, தலையில்லாத பொம்மை கட்டிய புடவை. மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால், இருட்டான இடமெல்லாம் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் புள்ளிகள் பொடிப்பொடியாகத் தெரியும். பொருளில் இல்லாத நிறங்கள். வெளிச்சம் போதாத கேமரா தானாகக் கற்பித்துக்கொள்பவை. தொழிலில் கலர் நாய்ஸ் என்பார்கள். அதைக் குறைக்கத் திரையில் ஒரு பட்டை உண்டு. வலப்பக்கம் தள்ளத் தள்ளப் புள்ளிகள் கரையும். ரொம்பத் தள்ளினால், நிஜமான சின்ன நிறங்களும் கூடவே கரையும். குக்கரில் சின்ன நிறங்கள் கிடையாது. ஆகவே மகேஸ்வரன் ரொம்பவே தள்ளுவார்.

அந்தப் பெரிய ஊரில் அவர் கதவைத் தட்டுகிற வீடு ஒன்றே ஒன்று: கீழ்வீடு. அங்கே இருந்த விஜயா கும்பகோணத்துக்காரர், கட்டிக்கொண்டது வங்காளியை. கணவர் இறந்தபின் மகள் மஹிமாவும் அவருமாக இருந்தார்கள். இட்லி வரும், பூஜைக்குப் பாயேஷ் என்கிற வங்காளப் பாயசம் வரும். மஹிமாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவளே மாடியேறி வந்தாள்.

"மாமா, இந்தத் தடவை ஜுரம் வந்துச்சுன்னா டாக்டரைக் கூட்டிட்டு வந்து தூக்கிட்டுப் போயிருவேன்."

ஜுரம் பலிக்காது என்று தெரிந்ததும் மகேஸ்வரன் அதைவிடப் பெருந்தன்மையான சாக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார். "கூட்டத்துல நான் வந்து என்னம்மா பண்ணப்போறேன்? உன் கல்யாணப் படம் முழுக்க நானே எடிட் பண்ணித் தர்றேன். அதான் என் மொய்."

கல்யாணத்தைப் பார்க்காதவர் இன்னொருவரும் உண்டு: விஜயா. பெற்ற மகளின் கல்யாணத்தைத் தாய் பார்க்கக்கூடாது என்பது அந்தப் பக்கத்துச் சம்பிரதாயம். புகுந்த இடத்து வழக்கங்களை அங்கேயே பிறந்தவர்களைவிடக் கறாராகப் பிடிப்பவர் விஜயா. மண்டபத்து மாடியறையில் உட்கார்ந்து, பெண்கள் குலவையிடும் சத்தத்தை மட்டும் கேட்டார். அவருக்கு அந்தக் கல்யாணம் என்பது படம்தான்.

அதிலும் முக்கியமான நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. லக்னம் தப்பிவிடும் என்று புரோகிதர் ஜெனரேட்டருக்காகக் காத்திருக்கவில்லை. அத்தனை பேரும் கைபேசியை டார்ச்சாகப் பிடித்ததால் ஒருவரும் படம் பிடிக்கவில்லை. போட்டோகாரரின் ஃப்ளாஷும் அந்த நேரம் பார்த்துக் கோபித்துக்கொண்டது. மாப்பிள்ளை வகிட்டில் சிந்தூரம் இட்டதற்கு மிஞ்சிய சாட்சி, இருட்டில் எடுத்த ஒரே ஒரு படம்.

மகேஸ்வரன் அந்தப் படத்துக்காக ரொம்பவே பாடுபட்டார். பட்டையைக் கடைசிவரை தள்ளினார். அப்படியும் மணப்பெண்ணின் மூக்கில் சில புள்ளிகள் சாம்பலாக அடம்பிடித்தன. தூரிகைக் கருவியால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தார். மூக்கு புதுக் குக்கர் மாதிரி ஆயிற்று.

சாந்த்ராகாச்சிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன மஹிமா முதல் முறையாகத் தாய்வீடு வந்த மத்தியானம், கைபேசியோடு நேரே மாடிக்கு வந்தாள்.

"மாமா, என் சிந்தூர் எங்கே?"

"வகிட்டுல இருக்கேம்மா."

"ஏ மா!" என்று வங்காளத்தில் பதறினாள். "மூக்குல மாமா, மூக்குல! இடும்போது மூக்குல உதிர்ந்தா புருஷன் ரொம்பப் பிரியமா இருப்பான்னு சொல்வாங்கல்ல? எனக்கு உதிர்ந்துச்சு. எல்லாரும் கத்தினாங்க. அம்மா அதைப் பாக்கணும்னுதான் காத்துக்கிட்டிருக்கா."

 மகேஸ்வரன் மூலப் படத்தைத் திறந்தார். சிவப்பு திரும்பி வந்தது. கூடவே ஊர்ப்பட்ட புள்ளிகளும் வந்தன, மூக்கில், நெற்றியில், பின்னால் நின்ற இருட்டில்.

"மூக்கை மட்டும் விட்டுட்டு மத்ததைத் துடைச்சிரலாம். எது உன்னோடதுன்னு காட்டு. இதுவா?"

"தெரியல."

"இது?"

"அது பச்சை மாமா. பச்சை சிந்தூரை எவன் போடுவான்?"

"இந்தச் சிவப்பு?"

"நான் கண்ணை மூடிட்டிருந்தேன். அவரு இருட்டுல என் தலையைத் தேடிட்டிருந்தாரு. எதிர்ல நின்னவங்களுக்குத்தான் தெரியும்." கைபேசியை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "மணப்பெண்ணைப் பலகையில உக்கார வச்சு, மாமன், அண்ணன்மாருன்னு நாலு பேரு தூக்கிட்டு வருவாங்க. உங்களுக்குன்னு பலகையில ஒரு மூலையை வச்சிருந்தோம். கடைசியில கேட்டரிங்காரர் வந்து பிடிச்சாரு. கையெல்லாம் மட்டன் வாசனை."

அவள் சிரித்தாள். மகேஸ்வரனும் சிரிக்க முயன்றார். பழக்கமில்லாததால் பாதியில் நின்றது.

பேச்சுக் கேட்டு விஜயாவும் ஏறி வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு மிக அருகில் குனிந்தார். 

"இவ்வளவு இருட்டாவா இருந்துச்சு?" என்றார் கடைசியில். "சத்தம் மட்டும் நல்லாக் கேட்டுச்சு. அந்த ரூம்ல நான் ஒண்டியாத்தான் இருந்தேன்."

"நெத்தியையாவது துடைச்சிரட்டுமா? பச்சையா இருக்கு" என்றார் மகேஸ்வரன்.

"வேண்டாம்ண்ணா, அப்படியே விடுங்க. எது மாப்பிள்ளை போட்டது, எது மெஷின் போட்டதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாம ரெண்டு பேரும்தான் அங்கே நிக்கலையே."

அவர் நிற்காததற்காவது சம்பிரதாயம் என்ற காரணம் இருந்தது. மகேஸ்வரன் ஆரம்பித்தார்:

"இன்னொரு கல்யாணம் வந்தா, கட்டாயம் நான்..."

"எனக்கு ஒரே பொண்ணுண்ணா" என்றார் விஜயா.

குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். குறையாகச் சொல்லியிருந்தால் மகேஸ்வரன் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். தாயும் மகளும் படியிறங்கிப் போனார்கள்.