தொங்கிக்கொண்டிருந்த வயர்

அவளுக்குக் கை சும்மா இருக்காது. ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலை. அதில் பழகிய கை. விருந்தாளியாகப் போன வீட்டில்கூடக் கோணலாகக் கிடக்கும் செருப்பை நேராக்கிவிட்டுத்தான் உள்ளே நுழைவாள். "உன்னை யாராவது கூலிக்கு அமர்த்தினாங்களா?" என்று கணவன் கேலி செய்வான். அவள் கேட்டால்தானே!

முட்டி இரண்டும் தகராறு பண்ண ஆரம்பித்த பிறகு, இனி எத்தனை காலம் குனிந்து கட்டில் விரிப்பு மாற்றுவது என்று யோசித்தாள். ஹோட்டலின் கம்ப்யூட்டர் மேனேஜர் ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "நெட்வொர்க்கிங் படிச்சு ஒரு சர்டிபிகேட் கொண்டாங்க, எங்க ரூம்ல உங்களுக்கு ஒரு நாற்காலி போடுறேன்" என்றார். நாற்காலி என்ற சொல் காதில் விழுந்ததும் மற்றது எதுவும் விழவில்லை. மறுவாரமே சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

முதல் நாள், "ஸ்விட்சைப் பாருங்க" என்று டீச்சர் சொன்னதும் அவள் சுவரில் இருந்த லைட் ஸ்விட்சைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்சிக்காரரும் அங்கேயே பார்த்தார். டீச்சர் காட்டியதோ மேஜைமேல் இருந்த, வரிசையாக ஓட்டை போட்ட தட்டைப் பெட்டியை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததில், அன்றே ஒரே மேஜைக்காரர்கள் ஆகிவிட்டார்கள். அவளைவிட வயதில் சின்னவர். அவர் அக்கா என்றார், அவள் தம்பி என்றாள்.

தம்பிக்கு எல்லாமே அவசரம். வண்டி வெளியே நிற்கும், சவாரி காத்திருக்கும், வயரை மாற்றிச் சொருகுவார், தலையில் அடித்துக்கொள்வார், கழற்றுவார். ஆனால் ஆசை கொள்ளை ஆசை. வயர் நுனியில் பிளக் மாட்டுகிற கிரிம்பரைச் சொந்தமாகவே வாங்கி, டாக்சியின் முன்பெட்டியில் வைத்திருந்தார்.

அந்த மாலை, பாடத்துக்கு இன்டர்நெட் வேண்டும் என்று அவர்கள் மேஜையில் இருந்த ஸ்விட்ச் பெட்டியைக் கல்லூரி லைனோடு இணைத்திருந்தார்கள். வகுப்பு முடிந்ததும் தம்பி கம்ப்யூட்டரிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு ஓடிவிட்டார். லேப் உதவியாளர் மேஜைகளுக்கான மின்சாரத்தை அணைத்துவிட்டார். அவள் பையை எடுக்கும்போது பார்த்தாள். வயரின் ஒரு முனை பெட்டியிலேயே இருக்கிறது, மறு முனை மேஜையிலிருந்து அநாதையாகத் தொங்குகிறது. இதை இப்படியே விட்டுப் போக மனசு வருமா அவளுக்கு? அதே பெட்டியில் காலியாக இருந்த ஒரு ஓட்டையில் அழகாகச் சொருகி, வயரை மடித்து வைத்து, மேஜையையும் ஒரு துடை துடைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை லேபில் மின்சாரம் போட்டதும் கல்லூரி நெட்வொர்க் மொத்தமும் படுத்துவிட்டது. எதிர்க் கட்டிடத்தில் நர்சிங் பிள்ளைகள் ஆன்லைன் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதியதெல்லாம் போச்சு. ஒரே அழுகை.

மாலையில் டீச்சர் கரும்பலகையில் பெட்டியை வரைந்தார். ஒரு ஓட்டையிலிருந்து கிளம்பிய கோட்டை அதே பெட்டியின் இன்னொரு ஓட்டைக்குள் கொண்டுபோய் விட்டார். "ஒரு வயரோட ரெண்டு முனையும் ஒரே பெட்டிக்குள்ள. ஒரு சேதி வந்தா சுத்திச் சுத்தித் தனக்கே சொல்லிக்கும், நின்னு தொலையாது. கடைசியில யாருக்கும் எதுவும் கேட்காது. இந்தப் பழைய பெட்டிக்கு இதைத் தடுக்கத் தெரியாது. யாரு கடைசியா வயரைத் தொட்டது?"

அது தன் கைவேலை என்று அவளுக்குப் புரிந்தது. வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் ஒரு கை உயர்ந்துவிட்டது.

"நான்தான் மேடம். கழட்டினது ஞாபகம் இருக்கு. அவசரத்துல திரும்ப எங்கயோ சொருகிட்டேன் போல."

பாவி மனுஷன், செய்யாததைச் செய்ததாக நிஜமாகவே நம்பிவிட்டார்! டீச்சர் பெருமூச்சு விட்டார். "பக்கத்துல இருக்கிற அக்காவைப் பாருங்க. மேஜையை எவ்வளவு ஒழுங்கா வெச்சிருக்காங்க. கத்துக்கக் கூடாதா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாற்காலி நினைவுக்கு வந்தது. நோட்டைப் புரட்டுகிற சாக்கில் தலை குனிந்துகொண்டாள். விசாரணை முடியும்வரை டாக்சிக்காரர் லேபுக்குள் வரக்கூடாது என்று முதல்வர் உத்தரவு போட்டார். லேப் வருகை இல்லையென்றால் செய்முறைத் தேர்வு கிடையாது.

வீட்டில் சோறு இறங்கவில்லை. "என்ன, உப்பு கூடிப்போச்சா?" என்றான் கணவன். அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டே, "அவரே ஒத்துக்கிட்டார்ல, விடேன்" என்றான். அவன் திட்டியிருந்தால்கூட அன்றைக்குத் தூங்கியிருப்பாள்.

அடுத்த வாரம் கல்லூரி வாசலில் டாக்சி நின்றது. தம்பி இறங்கி வந்து கிரிம்பரை நீட்டினார்.

"இனி எனக்கு எதுக்குக்கா? நீங்க வெச்சுக்கங்க, நீங்கதான் உருப்படியா படிக்கிறீங்க. என் மண்டையில இதெல்லாம் ஏறாது. நான் வண்டியே ஓட்டிக்கிறேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லை, அதைவிடப் பெரியதைச் சொல்லியிருக்க வேண்டும். கை நீட்டி வாங்கிக்கொண்டாள். "தேங்ஸ் தம்பி" என்றுகூடச் சொன்னாள். ச்சீ, என்ன ஜென்மம் நான் என்று படியேறும்போதே தன்னைத்தானே கரித்துக்கொட்டினாள்.

வகுப்பில் வயரை வெட்டி, பிளக்கை மாட்டி, கிரிம்பரில் வைத்தாள். அழுத்த முடியவில்லை. எழுந்து நேராக டீச்சரிடம் போனாள்.

"மேடம், அந்த வயரைச் சொருகினது நான். தொங்குதேன்னு சொருகிட்டேன்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "இது எப்ப தெரியும் உங்களுக்கு?"

"நீங்க போர்டுல படம் போட்டப்பவே."

டீச்சர் பேனாவை மூடி வைத்தார். "முதல்வர்கிட்ட நான் சொல்றேன். என்ன தண்டனைன்னு அவர் முடிவு பண்ணட்டும். அந்த மனுஷன்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க."

டாக்சி ஸ்டாண்டில் அவர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் முன்னுரை எதுவும் வைக்கவில்லை, வைத்தால் அழுதுவிடுவாள். அப்படியே சொன்னாள். துணி கண்ணாடிமேலேயே நின்றது.

"என் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்கா," என்றார் அவர். "அப்பாவுக்குப் படிப்பு வரல, நீயாவது படின்னு. நேத்துதான் சொன்னேன்."

திட்டு வரும் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். மன்னிச்சிடுங்க என்றாள். சவாரி ஒன்று வந்தது. கிரிம்பரை நீட்டிய கையோடு அவள் நிற்க, அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முதல்வர் அவளுக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார், தம்பிமேல் இருந்த தடையை நீக்கினார். ஆனாலும் தம்பி வகுப்புக்கு வரவில்லை. அடுத்த வகுப்புக்கும் வரவில்லை. பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதைப் பார்க்கப் பார்க்க, தனக்கு வரப்போகிற நாற்காலிமேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

செய்முறைத் தேர்வு நெருங்கிய ஒரு மாலை அவர் வந்தார். அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு முன்வரிசையில் தனியாக உட்கார்ந்தார். வேலை முடிந்ததும் வழக்கம்போல அவசரமாகக் கிளம்பினார். அவர் மேஜையில் ஒரு வயர், ஒரு முனை பெட்டியில், மறு முனை தொங்கிக்கொண்டு.

அவள் கை பரபரத்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தம்பி! இந்த வயரை என்ன செய்யணும்?"

கதவருகே போனவர் நின்றார். திரும்பி மெதுவாக நடந்து வந்தார். வயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கிச் சுருட்டி மேஜைமேல் வைத்தார்.

"இதை அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லக்கா," என்றார்.

"கேட்டிருக்கலாம்."

அவர் கையை நீட்டினார். ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு பையைத் திறந்து, துடைத்துப் பத்திரமாகத் துணியில் சுற்றி வைத்திருந்த கிரிம்பரை எடுத்துக் கொடுத்தாள்.