கண் விழித்தால் கடல்

கடற்கரைச் சாலை அடுக்ககத்தின் நாலாவது மாடியில் பேய் இருக்கிறது என்று சலூனில் பேச்சு. சாதாரணப் பேய் என்றால் தள்ளிவிடலாம். இது பட்டப்பகலில், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, பால்கனி நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறதாம். எதிர் பிளாக்கில் இருக்கும் பென்ஷன்காரர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். சவரத்துக்கு வந்தவர், அது சிரிக்கவும் செய்யும் என்றார். முடிவெட்டிக்கொண்டிருந்தவர், பாட்டுக்கூட வரும் என்றார். கத்தரி ஓய்வதற்குள் பேய்க்கு இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டன.

சரி, விசாரித்துவிடுவோம் என்று அடுக்கக வாட்ச்மேனிடம் போனால், அவர் கொட்டாவி விட்டார்.

"பேயா? கையில மாப்பு, தோள்ல துவைச்ச பெட்ஷீட்டு. லிஃப்ட் ஓடலைன்னா என்னைத்தான் திட்டும். அது நம்ம டோக்கன் அக்காங்க. வீட்டுக்கு ஓனரம்மா."

டோக்கன் அக்கா, பல் டாக்டர் கிளினிக்கில் மாலை வேளைகளில் டோக்கன் கொடுப்பவர். கன்னம் வீங்கி வருகிறவர்களை எல்லாம், "உக்காருங்க, உங்க முறை வரும்" என்று உட்கார வைத்தே பழக்கம். கணவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவரைப் பொறுத்தவரை வாழ்க்கை என்பதே முதிர்வுத் தேதிக்குப் பிறகு தொடங்குகிற சமாச்சாரம். நல்ல சட்டை பீரோவில் இருக்கும். நைந்தது உடம்பில் இருக்கும்.

கடல் தெரிகிற வீடு வேண்டும் என்று ஆசைப்பட்டது அக்கா. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது இருவரும். சாவி கைக்கு வந்த அன்றே இன்சூரன்ஸ்காரர் சொல்லிவிட்டார்: "வீடு மொதல்ல அதோட கடனை அதுவே அடைக்கட்டும்மா. அப்புறம் நாம ராஜா ராணி மாதிரி போய் இருக்கலாம்." அன்று தொட்டு வீடு சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்குப் போகிறது. ராஜாவும் ராணியும், ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு ஜன்னல் தெரிகிற ஓர் ஒண்டுக் குடித்தனத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

விளம்பரத்துக்குத் தலைப்பு வைத்ததும் அக்காதான்: 'கண் விழித்தால் கடல்'. அந்த வீட்டில் அவர் ஒரு நாளும் கண் விழித்ததில்லை. அதற்குக் கண்ணை மூட வேண்டுமே! "காலைல கட்டில் வரைக்கும் வெயில் வருமாங்க?" என்று யாராவது போனில் கேட்டால், "கால் பக்கம் மட்டும் வரும், முகத்துல அடிக்காது" என்பார். எல்லாம் தங்கிப் போனவர்கள் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டது.

காலையில் ஒரு கூட்டம் காலி செய்யும். மதியம் அடுத்த கூட்டம் வந்து இறங்கும். நடுவில் கிடைக்கிற பொழுது அக்காவுடையது. விறுவிறுவென்று பெருக்கித் துடைத்து, கட்டிலுக்கு விரிப்பு மாட்டிவிட்டு, கையோடு கொண்டுபோன ஷாம்புவில் தலைக்குக் குளிப்பார். பால்கனியில் உட்கார்ந்து முடியைக் காற்றுக்குக் கொடுப்பார். பேய் என்பது அவ்வளவுதான். கட்டிலில் மட்டும் உட்கார மாட்டார். விரிப்பு கசங்கினால் மறுபடி இஸ்திரி போட வேண்டும். ஒருமுறை தரையில் மண்டி போட்டு, தலையைத் தலையணை உயரத்துக்குச் சாய்த்து ஜன்னலைப் பார்த்தார். கடல் தெரிந்தது. ஆனால் அது உச்சிவெயில் கடல். எல்லாரும் எழுதுகிறார்களே, ரோஜா நிறம் என்று, அது இல்லை.

பேய்க் கதை தங்க வந்த ஒருவர் காதுக்கு எட்டி, அவர் அதை விமர்சனத்தில் எழுதித் தொலைத்தார். முன்பதிவு பொத்தென்று விழுந்தது. இன்சூரன்ஸ்காரர் துப்புத் துலக்கிக்கொண்டு மனைவி முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, உன் தலை காய வேற எடமே கிடைக்கலையா?"

"இந்தப் பொந்துல காத்து எங்கங்க வருது?"

"அதுக்காக? ஆளுங்க பயந்து ஓடறாங்கம்மா."

"ஓடட்டும். சனிக்கிழமை சும்மாத்தானே கிடக்கு? ஒரே ஒரு ராத்திரி போய்ப் படுத்துட்டு வருவோம். காலைல எழுந்து பாத்ததும் நானே கழுவித் துடைச்சு வெச்சுடறேன்."

மறுக்க ஒரு காரணமும் அவருக்கு அகப்படவில்லை. "சரி" என்றார்.

அக்கா அன்றைக்கே தன் தலையணையைப் பையில் திணித்துக்கொண்டு போய்க் கடல் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். நீலப்பூப் போட்ட தலையணை. அது இல்லாவிட்டால் தூக்கம் வராது. கிளினிக்கில் லீவு கேட்டார்.

"எங்கம்மா போறீங்க?" என்றார் டாக்டர்.

"எங்க வீட்டுக்கு சார்."

புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்து டாக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு வாலிபர் கூட்டம் போன் பண்ணியது. பேய் உண்மையாகவே இருக்கிறதா, இருந்தால் நாளைக்கே வருகிறோம் என்றது. இன்சூரன்ஸ்காரருக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை, மெய் சொல்லவும் மனம் வரவில்லை. "உத்தரவாதம் கிடையாது தம்பி. ஆனா வாய்ப்பு இருக்கு" என்றார்.

அக்காவிடம், "அடுத்த வாரம் போலாம்மா. நம்ம வீடுதானே, எங்க ஓடிப் போயிடப் போகுது?" என்றார்.

அடுத்த வாரமும் நிரம்பிவிட்டது. பேய் பிரபலமாகிவிட்டது. முந்தின கூட்டம் காலி செய்யும் முன்பே அடுத்த கூட்டம் பெட்டியோடு வாசலில் நிற்கிறது. முடி காய்கிற பொழுதும் போயிற்று. இப்போது ஈரத்தலையோடு படியிறங்குகிறார் அக்கா.

போன வாரம் இன்சூரன்ஸ்காரருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினார். அக்கா ஒரு டோக்கனைக் கிழித்து நீட்டினார். கடைசி எண்.

"நான் உன் புருஷன்மா!"

"அதனாலதாங்க. வீட்டு ஆளுதானே, எங்க ஓடிப் போயிடப் போறீங்க? உக்காருங்க, உங்க முறை வரும்."

உட்கார்ந்திருந்த கூட்டம் வலியை மறந்து சிரித்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார், பல் விடவில்லை. போகும்போது, மழைக்காலம் வந்தால் கூட்டம் குறையும், அப்போது அந்த ஒரு ராத்திரி கட்டாயம் என்று வீங்கின வாயால் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா வீட்டில் போர்வையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுக்கிறார். தலையணையை எடுத்து வந்துவிடலாமே என்று வாட்ச்மேன்கூடக் கேட்டார். "எடுத்துட்டு வந்துட்டா, போகப் போறதில்லைன்னு ஆயிடாதா?" என்றார் அக்கா.

நேற்று யாரோ எழுதியிருக்கிறார்கள்: பேய் வரவில்லை, ஆனால் அலமாரியில் இருந்த நீலப்பூத் தலையணையில் அப்படி ஒரு தூக்கம், விடிந்ததும் கடல் ரோஜா நிறம்.

தலையணை குடிபோய்விட்டது. அக்காதான் பாக்கி.