மேடைக்குப் போன துக்கம்

வேதநாயகம் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்குக்கு வந்தபோது அவருக்கு வயது பதினாறு. 1908ஆம் வருஷம். எட்டு வயதில் அவரை ஒரு தமிழ் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். முகம் வட்டமாக இருந்தது, குரல் உயரப் போயிற்று, அதனால் ஸ்திரீபார்ட். அன்றிலிருந்து இளவரசி, பத்தினி, கைம்பெண், தாய் என்று பெண் வேஷம் தவிர வேறொன்றும் கட்டியதில்லை.

பினாங்கில் சில வாரம் நாடகம் போட்டுவிட்டுச் சிங்கப்பூர் போவதாக ஏற்பாடு. இங்கே கொட்டகை நிறைந்திருந்த ஒரு சனிக்கிழமை, காட்டில் தனித்து நிற்கும் அரசகுமாரியாக அவர் பாடிக்கொண்டிருந்தார். உச்சத்தில் பிடித்து நிறுத்த வேண்டிய இடத்தில் குரல் உடைந்தது. திரும்ப முயன்றார், இன்னும் மோசமாக உடைந்தது. ஹார்மோனியக்காரர் தானே அந்த அடியைப் பாடிச் சமாளித்தார். குரல் உடைவது எல்லா ஸ்திரீபார்ட்டுக்கும் ஒருநாள் நேர்வதுதான். அவருக்கு அது கடல் தாண்டி வந்த இடத்தில் நேர்ந்தது. கம்பெனி வேறொரு பையனுக்கு அந்தப் புடவையைக் கட்டி அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் போயிற்று. வேதநாயகம் பினாங்கிலேயே நின்றுவிட்டார்.

மாதா கோயிலில் பழக்கமான ஒருவர்தான் அவரை நூர்ஜானிடம் அனுப்பினார். நூர்ஜான் பங்சவான் கம்பெனி நடத்தியவர். பங்சவான் என்பது மலாய்ப் பாட்டு நாடகம். அரபுக் கதை, இந்துஸ்தானிக் கதை, சீனக் கதை எதுவானாலும் மலாயில் பாடி ஆடுவார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லோரும் பார்க்க வருவார்கள். நூர்ஜானின் தகப்பனார் தமிழ் முஸ்லிம், தாயார் மலாய்க்காரி. புருஷன் இறந்த பிறகு கம்பெனியை அவரே கையில் எடுத்துக்கொண்டார்.

"என்னா வேஷம் கட்டுவே, தம்பி?"

"ராணி வேஷம், அக்கா."

நூர்ஜான் சிரிக்கவில்லை. மலாய் வழக்கப்படி பேச்சின் முடிவில் 'லா' சேர்த்துச் சொன்னார். "ராணி வேஷம் கட்ட எங்கிட்ட பொம்பளைங்களே இருக்காங்க லா. ஆம்பளை வேஷம் கட்டத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லி வைத்தார். அவருக்குத் தெரியாது என்பது முதல் நாளே வெளிப்பட்டது. மந்திரி வேஷத்தில் நான்கு அடி எடுத்து வைத்ததும் முன் பெஞ்சில் ஒருவன் மலாயில், "அம்மா வர்றாங்க, வழி விடு" என்றான். கொட்டகை முழுக்கச் சிரித்தது. வேதநாயகத்துக்கு அடிகள் குறுகியே விழுந்தன. ராஜா பேசும்போது தலை தானாகச் சாய்ந்தது. கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வீதியில் ஆணாகத்தான் நடந்தார். விளக்குக்கு முன்னால் வந்தால் மட்டும் அந்த நடை எங்கோ போய்விட்டது.

"மொழிய நான் சொல்லித் தருவேன்," என்றார் நூர்ஜான். "ஆம்பளையா நிக்கிறத நான் எப்படிச் சொல்லித் தர்றது? போய்ப் பாரு. ஊர் முழுக்க ஆம்பளைங்கதான்."

அதைப் புத்திமதியாக அவர் சொன்னாரோ, எரிச்சலில் சொன்னாரோ, வேதநாயகம் அப்படியே செய்தார். பகலெல்லாம் துறைமுகத்தில் போய் நின்றார். மூட்டை இறக்குகிறவர்கள், ரிக்‌ஷா இழுக்கிறவர்கள், மார்க்கெட் தெருவில் கிட்டங்கி என்கிற வட்டிக்கடை வாசலில் நிற்கும் செட்டியார்கள், சீக்கியப் போலீஸ்காரர்கள் எல்லாரையும் பார்த்தார். ஆள் எதிரே வந்தால் யார் விலகுகிறார்கள், யார் விலகுவதில்லை என்று பார்த்தார். கோபம் வந்தவன் உடனே குரலை உயர்த்துவதில்லை, முதலில் இடுப்பு வேட்டியை இறுக்கிக் கட்டுகிறான் என்பதைக் கவனித்தார்.

துறைமுகத்தில் தொங்கான் என்கிற சரக்குப் படகுகளுக்குப் பழனியப்பன் கங்காணி. கனத்த மனிதர், இடது கால் கொஞ்சம் இழுக்கும். ஆனால் அவர் நடந்து வந்தால் கால் இழுப்பது யார் கண்ணிலும் படாது. மார்புதான் முதலில் வரும். வேதநாயகம் அந்த நடையை மாதக்கணக்கில் பார்த்து எடுத்துக்கொண்டார். அடுத்த தடவை பினாங்கில் நாடகம் போட்டபோது ஒரு கொடுங்கோல் சுல்தானுக்கு அந்த நடையைக் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. நாடகம் பார்க்க வந்த பழனியப்பன் மறுநாள் அவரைத் தேடிப் பிடித்தார். அடிக்கப்போகிறார் என்றே வேதநாயகம் நினைத்தார்.

"அது நான்தானே?" என்றார் பழனியப்பன்.

"ஆமாண்ணே."

"நான் அவ்வளவு நல்லாவா நடக்கிறேன்?"

அந்த வாரம் பழனியப்பன் தன் ஆட்கள் எல்லாரையும் கொட்டகைக்குக் கூட்டி வந்தார். கடைசிவரை இருவரும் சிநேகிதர்களாக இருந்தார்கள். மனிதர்களிடமிருந்து எடுத்துக்கொள்வதில் தவறு ஒன்றுமில்லை, எடுத்ததைத் திருப்பிக் காட்டினால் சந்தோஷப்படுவார்கள் என்று வேதநாயகம் அப்போது தீர்மானித்துக்கொண்டார்.

1914இல் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. அமலம்மாள் பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தகப்பனார் தையல்காரர், கோயில் பூசை உடுப்புகளும் தைப்பார். கூத்துக்காரனுக்கா பெண் கொடுப்பது என்று உறவினர்கள் முணுமுணுத்தார்கள். இவர் ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருவதைப் பார்த்துத் தகப்பனார் சம்மதித்தார். அமலம்மாளுக்குப் புருஷன் மேல் குறையில்லை. ஆனால் கொட்டகைக்குள் நுழைவதில்லை என்று ஒரு வைராக்கியம் வைத்திருந்தார். மறு வருஷம் பெண் குழந்தை பிறந்தது. தெரேசா என்று பெயர் வைத்தார்கள்.

1918இல் விஷக் காய்ச்சல் ஊரெங்கும் பரவியது. ஒரே தெருவில் காலையில் ஒரு சாவு, மாலையில் ஒரு சாவு. தெரேசாவுக்கு மூன்று வயது. காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் முடிவு செய்யவில்லை. முதல் வாரம் சொல்ல முடியவில்லை, பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கல்லறைத் திருநாள் வந்தால் அமலம்மாள் காலையில் தன் அக்காவோடு போய் மெழுகுவர்த்தி ஏற்றி வருவார். வேதநாயகம் மாலையில் தனியாகப் போவார். மறுபடி குழந்தை பிறக்கவில்லை. அவர் ஈப்போ, தைப்பிங், மேடான் என்று கம்பெனியோடு போய் வந்துகொண்டிருந்தார். நல்ல நடிகர் என்று பெயரும் வந்தது.

1924இல் கம்பெனி பினாங்கில் இருந்தபோது சித்தி ஆயிஷாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதிய ராணி வேஷங்களுக்கு அவர்தான். அன்று மாலை நாடகத்தில் போரில் மாண்ட இளவரசனின் உடலைத் தாயின் முன் கொண்டுவந்து கிடத்தும் காட்சி உண்டு. பாட்டும் வசனமும் முழுசாகத் தெரிந்தவர் வேதநாயகம் ஒருவர்தான்.

"பழைய தொழில்தானே," என்றார் நூர்ஜான். "ஒரு நாளைக்கு."

பதினாறு வருஷத்துக்குப் பிறகு அவர் பெண் வேஷம் கட்டினார். உடல் கனத்திருந்தது, குரலும் கனத்திருந்தது. அது அந்த ராணிக்குப் பொருந்தியது. உடலைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த இடத்தில் சித்தி ஆயிஷா ஓவென்று கதறி விழுவார், பிறகு ஒப்பாரிப் பாட்டு. வேதநாயகம் கதறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். முந்தானை முனையை நாக்கில் நனைத்து, இளவரசனின் கன்னத்தில் இல்லாத ஓர் அழுக்கைத் துடைத்தார். விளையாடிவிட்டு வந்த பிள்ளைக்குத் துடைப்பதுபோல, கொஞ்சம் கோபத்தோடு. துணி முனையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மறுபடி துடைத்தார்.

ஹார்மோனியம் நின்றுவிட்டது. கொட்டகையில் எங்கோ ஒரு பெண் விம்மினாள். பிறகு பல பெண்கள். மலாய்க்காரிகள், நியோன்யா என்கிற மலாயாச் சீனப் பெண்கள், தமிழ்ப் பெண்கள் எல்லோரும் அழுதார்கள்.

சித்தி ஆயிஷா உடம்பு தேறுவதற்காகத் தைப்பிங்கில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். நூர்ஜான் வேதநாயகத்தையே அந்த வேஷத்தில் வைத்துக்கொண்டார். பேச்சு ஊரில் பரவியது. பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்த அமலம்மாளிடம் யாரோ ஒரு பெண், "உங்க வீட்டுக்காரர் எங்களையெல்லாம் அழ வச்சிட்டாரு" என்றாள். எட்டிப் பார்க்காத கொட்டகைக்கு அந்தச் சனிக்கிழமை அமலம்மாள் பக்கத்து வீட்டு வள்ளியம்மாவோடு போனார். புருஷனிடம் சொல்லவில்லை. மேடையில் முந்தானை இளவரசனின் கன்னத்தைத் தொட்டபோது எழுந்தார். வள்ளியம்மா கையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் பூசை முடிந்து வந்து காப்பி வைத்துக் கொடுத்தார். எதிரே உட்கார்ந்தார்.

"அத எங்கேருந்து எடுத்தீங்க?"

"எத?"

"தெரியாத மாதிரி பேசாதீங்க. நேத்து நான் வந்திருந்தேன்."

வேதநாயகம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு நீங்க அழல," என்றார் அமலம்மாள். குரலை உயர்த்தவில்லை. "சுவர் ஓரமா நின்னீங்க. கல்லு மாதிரி மனுசன்னு இத்தனை வருசம் நெனச்சிக்கிட்டிருந்தேன். சரி, சில பேர் அப்படித்தான்னு விட்டேன். இப்பத்தானே தெரியுது. நீங்க பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

"வேணும்னு பாக்கல, அமலம்."

"பின்னே?"

எட்டு வயதிலிருந்து சொன்ன இடத்தில் அழுதவர் அவர். பாட்டு எங்கே முடியும், கண்ணீர் எங்கே வர வேண்டும் என்று பழகிய கண்கள். சொந்தக் குழந்தை கிடந்தபோது அந்தக் கண்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்த இன்னொரு வேலையைச் செய்தன. பார்த்தன. இதை அவர் அப்போது வார்த்தையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அமலம்மாளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்காது.

"அத இனிமே செய்யாதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அமலம்மாள் எழுந்துபோனார்.

அன்று மாலை வேதநாயகம் நூர்ஜானிடம் சொன்னார். நூர்ஜானுக்குப் புரியவில்லை.

"ஆளுங்க அதுக்குத்தான் வர்றாங்க லா. இவ்வளவு பகுசா, இவ்வளவு நல்லா ஒரு இடம், அத எதுக்கு எடுக்கணும்?"

"அது என்னுது இல்லக்கா."

"பழனியப்பன் நடை மட்டும் உன்னுதா?"

"அண்ணனைக் கேட்டா குடுத்திருப்பாரு. இத யார்கிட்டயும் கேட்க முடியாது."

அன்று அவர் வழக்கப்படி கதறி விழுந்து ஒப்பாரி பாடினார். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கேள்விப்பட்டு வந்தவர்கள் காத்திருந்து ஏமாந்தார்கள். மனுஷனுக்கு வயதாகிவிட்டது, சரக்குத் தீர்ந்துவிட்டது என்றார்கள். கூட்டம் குறைந்தது. சித்தி ஆயிஷா திரும்பி வந்ததும் வேஷம் அவரிடமே போயிற்று. நூர்ஜான் கோபத்தில் அந்தப் பருவம் முழுக்க வேதநாயகத்துக்குக் காவல்காரன், தூதுவன் என்று சில்லறை வேஷங்களே கொடுத்தார். அவர் அவற்றையும் கட்டினார்.

இப்படிச் சில வாரம் போன பிறகு, மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் அமலம்மாள் தையலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அன்னிக்கு நான் வேற என்னா செஞ்சேன்?"

வேதநாயகம் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. முந்தானையால தொடச்சதுகூட நீங்க செஞ்சப்பதான் ஞாபகம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி, பின்னாடி எல்லாம் இருட்டு. நீங்கதான் பாத்தீங்களே. சொல்லுங்க."

அவர் சொன்னார். தெரேசா என்று பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தார். எந்தச் சட்டை போட்டுவிட்டார்கள், ஜெபமாலையை யார் முன்னின்று சொன்னார்கள், சாமியாரிடம் அமலம்மாள் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டது, சமையற்கட்டில் போய்க் குழந்தையின் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். மிகைப்படுத்தாமல் சொன்னார். அமலம்மாள் அழுதுகொண்டே கேட்டார். இடையில் ஒரு தடவை, "அது நீலச் சட்டை இல்ல, ரோஸ்" என்று திருத்தினார்.

வீட்டிலிருந்து குழந்தையை எடுத்த இடம் வந்ததும் வேதநாயகம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

"அப்புறம்?"

"அப்புறம் தெரியல. நான் எங்க நின்னேன்னே தெரியல."

அமலம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்கதான் தூக்கிட்டுப் போனீங்க. கோயிலுக்கும், கோயில்லேருந்து கல்லறை வரைக்கும். பழனியப்பன் அண்ணன் மாத்தி வாங்கக் கை நீட்டுனாரு, ரெண்டு தடவ. நீங்க குடுக்கல. குழிகிட்ட வந்தும் குடுக்கல. சாமியார் வந்து உங்க கைய ஒவ்வொரு விரலாப் பிரிச்சாரு."

"நானா?"

"ஊரே பாத்துச்சு," என்றார் அமலம்மாள். "கண்ணுல தண்ணி இல்லன்னு நான் அதையே நெனச்சிக்கிட்டிருந்தேன். விரலப் பத்தி நெனக்கல."

மழை விடும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அந்த நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குச் சேர்ந்து போனார்கள். பெயர் பொறித்த கல் ஒன்று வைத்தார்கள்.

நூர்ஜானின் கோபம் அடுத்த பருவத்தில் தணிந்தது. வேதநாயகம் மறுபடி சுல்தானாகவும் ராஜகுருவாகவும் பெற்ற தகப்பனாகவும் வந்தார். 1927இல் கம்பெனி மேடானுக்குப் போனபோது அமலம்மாளும் கூடப் போனார். உடுப்புத் தைக்க ஆள் வேண்டும் என்பது பெயருக்குக் காரணம். மேடை ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கிழிந்த சரிகையைத் தைத்துக்கொண்டே ஒத்திகை பார்ப்பார். பிடிக்காத இடத்தில் ஊசியை நிறுத்திவிடுவார்.

"மகளைக் கட்டிக் குடுத்து அனுப்புற அப்பன் அப்படி நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்க மாட்டான்," என்பார்.

"எப்படி நிப்பான்?"

"எனக்கு என்னா தெரியும்? நீங்கதான் கூத்துக்காரர்."

வேதநாயகம் பின்னால் போய், மறுபடி நடந்து வருவார்.