சந்தனம் வைத்த பூட்டு

பழைய மென்பொருளைப் புதிய கம்ப்யூட்டரில் ஓட வைப்பது என் தொழில். ஓடாவிட்டால் குற்றவாளி நான், ஓடினால் கம்ப்யூட்டர் ராசியானது.

இராமநாதபுரத்தில் இருபத்தைந்து வருடமாக இந்தக் கடையை வைத்திருக்கிறேன். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் வேதனை புரியும். மற்றவர்கள், தாங்கள் நானில்லை என்று நிம்மதி அடையலாம். என்னிடம் வந்த வாடிக்கையாளர்கள் எல்லோரையும் சொன்னால் இடம் போதாது. அக்காள்மடத்து ஜோசியர் மாணிக்கம் அண்ணன் ஒருவரே போதும்.

நான் செய்த நல்ல காரியம்

அண்ணனின் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் உப்புக்காற்றில் துருப்பிடித்திருந்தது. ஆனால் ஜாதகம் கணித்தது. சும்மா இருந்திருக்கலாம். வைரஸ் வரும், ஆபத்து என்று நானே பேசிப் பேசிப் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புது லேப்டாப் வாங்க வைத்தேன். ஜாதக மென்பொருள் அதில் திறக்கவே மறுத்தது.

பழைய விண்டோஸ் மாதிரி நடி என்று புதியதற்குச் சொல்ல ஒரு வசதி இருக்கிறது. சொன்னேன். நடித்தது, என்னைப் போலவே மோசமாக. ஐம்பத்து மூன்று வயதில், யாரும் கேட்காத இடத்தில் ஏன் வாயைத் திறக்கிறேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சொன்னார்:

"தம்பி, தை பொறந்தா முகூர்த்தம். மிசின் இல்லேன்னா ஆளுக போன்லயே பொருத்தம் பாத்துக்கிருவாக. வைரஸ் வந்திருந்தாக்கூட நான் பொழச்சிருப்பேன்."

உள்ளே ஒன்று

கடைசியில் லேப்டாப்புக்குள்ளேயே ஒரு போலிக் கம்ப்யூட்டரை உருவாக்கி, அதில் எக்ஸ்பியைப் போட்டேன். மென்பொருளை ஏற்றினால், 'உரிமக் காலம் முடிந்தது' என்று அடம். இதற்கு எங்கள் தொழிலில் ஒரு கைவைத்தியம் உண்டு. உள்ளே இருக்கும் எக்ஸ்பியின் தேதியை மட்டும் பதினெட்டு வருடம் பின்னால் தள்ளினேன். சமர்த்தாக ஏறிக்கொண்டது. ஏற்றும்போது மட்டும்தான் அது தேதி பார்க்கும்.

"உள்ள இருக்கிற மிசினுக்கு, வெளிய ஒண்ணு இருக்கிறது தெரியுமா தம்பி?" என்றார் அண்ணன்.

"தெரியாதுண்ணே. தான்தான் அசல்னு நெனச்சுக்கிட்டு இருக்கும்."

"அப்ப நம்மள மாதிரின்னு சொல்லுங்க."

பூட்டு

ஏறியது; திறக்கவில்லை. அந்த மென்பொருளுக்குப் பென் டிரைவ் போல ஒரு பூட்டு உண்டு. அதைச் செருகினால்தான் திறக்கும். செருகினேன், அசையவில்லை. இரண்டு நாள், பூட்டை இயக்கும் டிரைவர் மென்பொருள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, பழைய விண்டோசையும் புதிய விண்டோசையும் அவற்றைக் கண்டுபிடித்தவர்களையும் திட்டித் தீர்த்தேன். பிறகுதான் பூட்டின் வாயைப் பார்த்தேன். உள்ளே காய்ந்த சந்தனம். ஊக்கால் சுரண்டினேன். மென்பொருள் திறந்தது.

ஏன் இப்படி என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலில் தப்புக் கண்டுபிடிக்க என் படிப்பு போதவில்லை:

"வெள்ளிக்கிழமை பொட்டு வைக்கிறது வழக்கம் தம்பி. இது இல்லாட்டி எதுவும் நடக்காதுன்னா, இதுதான சாமி? மத்ததெல்லாம் வெறும் பொட்டிதான."

இன்றைய கிரகநிலை

பன்னிரண்டு நாள் கழித்துப் போனேன். வாசலில் கூட்டம். உள்ளே ஓர் அம்மா பழத்தட்டோடு உட்கார்ந்திருந்தார். மகனுக்கு நாலு வருடமாக வரன் தட்டிப்போனதாம். "மாசிக்குள்ள அமையும்னாக. பத்தே நாள்ல அமைஞ்சிருச்சு. இந்த மிசின போட்டது நீங்கதானா? நல்லா இருக்கணும் சார்" என்றார்.

நான் திரையின் ஓரத்தைப் பார்த்தேன். பின்னால் தள்ளிய தேதியைத் திரும்ப இழுக்க மறந்திருந்தேன். பன்னிரண்டு நாளாக அண்ணன் சொன்ன பலன்கள் அத்தனையும் பதினெட்டு வருடத்துக்கு முந்தைய சனிக்கும் குருவுக்கும் உரியவை. பஞ்சாங்கத்தை ஒரு தடவை புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். கம்ப்யூட்டர் இருக்கும்போது யார் புரட்டுவார்கள்?

சொல்லாமல் நழுவிவிடலாம் என்றுதான் நினைத்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் அவர் பிழைப்பை ஒருமுறை கெடுத்தவன் நான். அந்த அம்மா போனதும் சொல்லிவிட்டேன்.

அண்ணன் ஆணியில் தொங்கிய பஞ்சாங்கத்தை எடுத்துத் தூசி தட்டி, திரையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்:

"சரியான தேதியவே போட்டுருங்க தம்பி. பொய் வேண்டாம். ஆனா இந்தப் பழைய தேதிய ஒரு தாள்ல குறிச்சுக் குடுத்துட்டுப் போங்க. சரியானது பலிக்காமப் போச்சுன்னா வேணும்ல?"

அன்றிலிருந்து எந்தக் கம்ப்யூட்டரில் தேதி தப்பாக இருந்தாலும், திருத்துவதற்கு முன் 'எல்லாம் நல்லபடியா நடக்குதா?' என்று உரிமையாளரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.