தாதுகோபம் வரைக்கும் ஒரே நேர் ரோடு

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எதற்கெடுத்தாலும் பயம், போதாததற்கு ஓயாத இருமல். அப்படிப்பட்டவன் சித்திரை வருசப் பிறப்பு மரதன் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தேன் என்றால், அதற்குக் காரணம் எங்கள் உடப்புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து லொறிக்காரர்தான். அவர் மகளை எங்கள் வீட்டில் எனக்குக் கேட்டிருந்தார்கள்.

"இருமுற பயலுக்கு எப்பிடிங்க பொண்ணு குடுக்கறது? நெஞ்சு பலமான்னு பாக்கணுமில்ல?" என்று எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்றே சொல்லிவிட்டார்.

ஓட்டம் மலைக்குக் கீழே ஒரு சிங்களக் கிராமத்தில். அவரே எங்களை லொறியில் ஏற்றி, வலப்பனை வழியாக இறக்கிக்கொண்டு போனார். கடைசி வளைவு முடிந்ததும் வாய் பிளந்துவிட்டேன். மலையே இல்லை. வானம் இறங்கி வந்து தரையில் உட்கார்ந்திருந்தது. அறுப்பு முடிந்த வயல்களுக்கு நடுவே ரோடு நேராகக் கிடந்தது. அதன் முடிவில் ஒரு பன்சலையின், புத்தர் கோயிலின், வெள்ளைத் தாதுகோபம் கவிழ்த்த கிண்ணம் போல நகத்தளவுக்குத் தெரிந்தது. அதுதான் எல்லை.

எங்கள் மலை ரோட்டில் அடுத்த வளைவு வரைதான் கண்ணுக்குத் தெரியும். தெரிகிற தூரத்தை ஒரே மூச்சில் ஓடிவிடலாம். அந்த நினைப்பில், வெடி போட்டதும் பாய்ந்தேன். எல்லோருக்கும் முன்னால் நான்! வேலியோரம் நின்ற ஒரு சிங்களத்து அம்மா "ஹெமின் மல்லி, ஹெமின்!" என்று மெதுவாகப் போகச் சொன்னார். கேட்டால்தானே? ஓட ஓடத் தாதுகோபம் நகத்தளவாகவே நின்றது. வெயில் உச்சியைப் பிளந்தது. ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள்.

முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள லொறி பின்னால் ஊர்ந்து வந்தது.

"ஏறிக்கிறியா தம்பி? எடம் கெடக்கு" என்றார் லொறிக்காரர்.

முன்னமே ஏறிவிட்ட எங்கள் தோட்டத்து ஆள் ஒருவன், "மாப்பிளைக்கு முன் சீட்டு குடுங்கண்ணே!" என்று பின்னாலிருந்து கத்தினான்.

ஏறினால் கல்யாணம் போச்சு. தாதுகோபத்தைப் பார்ப்பதையே விட்டேன். ரோட்டோரத்து மரம் ஒன்றை வளைவாக நினைத்துக்கொண்டேன். அது வந்ததும் அடுத்த மரம். அந்தச் சமவெளியில் எங்கள் மலை ரோட்டை நானே போட்டுக்கொண்டு ஓடினேன்.

திடீரென்று முகத்தில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தேன். நகத்தளவாக இருந்த தாதுகோபம் இப்போது பாதி வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. நான் கும்பிடுகிற சாமி இல்லை. ஆனாலும் கை தானாகக் குவிந்தது. கடைசியாக வந்து சேர்ந்தவன் நான்தான்.

லொறிக்காரர் இறங்கி வந்து என் முதுகில் காதை வைத்தார்.

"இருமு, பாப்பம்."

"வரலீங்க மாமா."

வாய் தவறி வந்துவிட்டது. லொறியில் சிரிப்பு வெடித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"சரி, முன்னால ஏறு" என்றார்.